சத்தம் போடாத பை

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி நடைபாதையில்
ஒரு பையைக் காதருகே வைத்துத் தேய்க்கிறேன்.
"டீச்சர், அது தர்பூசணி இல்லை, பை"
என்கிறார் கலியவரதன்.

சொன்னால் நம்பமாட்டார்.
செப்டம்பரில் கொலராடோ போகிறேன்.
கூப்பிட்டது சகாயராணி.
உப்பளம் மைதானத்தில் என்னோடு வில் பிடித்தவள்,
இப்போது பனி பெய்யும் ஊரில் பல் டாக்டர்.
குலுக்கலில் அவளுக்கு ஓர் எல்க் மான் விழுந்திருக்கிறது.
அதாவது, விழலாம் என்று ஒரு காகிதம்.
அம்பு அவளுடையது.
தோள் என்னுடையது.

எல்க் என்றால் நம் கடமானுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்,
தலையில் மட்டும் ஒரு மரத்தைப் பிடுங்கி வைத்தது போல.
துப்பாக்கிக்காரன் எதிர்மலையில் இருந்தே முடித்துவிடுவான்.
வில்லுக்கு அது முப்பது தப்படிக்குள் வரவேண்டும்,
தானாக.
அங்கே வெல்க்ரோ ஒரு முறை சர்ரென்றால் போதும்,
விமான டிக்கெட், விடுப்பு விண்ணப்பம்,
ஒரு வருடம் எல்லாம் கிழிந்துபோகும்.

முதல் பை,
மழைக்கோட்டு போட்ட ஆள் படியேறுவது போலப் பேசியது.
ராணுவப் பச்சைக்கு வளையம் ஏராளம்,
எதை மாட்டினாலும் மணி.
துணிப்பை ஒன்று ஊமை; பிடித்திருந்தது.
ஐந்து கிலோவுக்கே அதன் வார் முனகும்.

"ஒரு நாளைக்குத்தானே, எதுக்கு இவ்ளோ பெருசு?"
போகும்போது ஒரு நாள்தான் அண்ணே.
தண்ணீர், கத்தி, கயிறு, நெற்றி விளக்கு,
காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு பவுடர் டப்பா.
திரும்பும்போது ஒரு தொடை.
தொடை என்றால் முப்பது கிலோ வருமாம்.
கிடைத்தால்.
வெறுங்கையோடு இறங்குகிறவர்கள்தான் அதிகம் என்றும்
அவளே சொன்னாள்.
ஆக, நான் வாங்குவது
அநேகமாகக் காலியாகவே இருக்கப்போகிற ஓர் இடம்.
அதற்கு எழுநூறு.
பேரம் பேசி ஐந்நூற்றைம்பது.

நெல்லித்தோப்பில் கோதண்டபாணி
பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
வெல்க்ரோ எல்லாம் எடுத்துடுங்க,
ஜாக்கெட் ஹூக் வைங்க, பதினாறு.
"முன்பக்கமா, பின்பக்கமா?"
கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.
ஜிப்பின் நாக்கை அறுத்து நாடா கட்டினார்.
குஞ்சலம் வேண்டாம் என்று
இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

ஊசுடு ஏரி. விடியவில்லை.
வில் வீட்டில். முதுகில் இருபது கிலோ பொன்னி,
தலையணை உறைகளில்;
பாலித்தீன் சலசலக்கும்.
காவலர் டார்ச் அடித்தார்.
"பையில என்ன?"
"அரிசி."
"கொக்குக்கா?"
"தோளுக்கு."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

கரையில் ஒரு சாம்பல் நாரை, ஒற்றைக் காலில்.
பவுடரைத் தட்டினேன். காற்று என் முகத்துக்கு. நல்லது.
அறுபது தப்படி. ஐம்பது.
ஹூக் பேசவில்லை.
நாற்பது. நாடா பேசவில்லை.
வார் தோளைத் தின்கிறது, வாயை மூடிக்கொண்டு.
இருபது கிலோவுக்கே இப்படி.
முப்பத்தொன்றில் குனிந்தேன்.

டொக்.

என் வலது முழங்கால்.

நாரை அவசரப்படவில்லை.
ஒரு முறை திரும்பிப் பார்த்து,
மடித்த காலை இறக்கி,
தண்ணீருக்கு மேல் அவ்வளவு பெரிய உடம்பை
ஓசையே இல்லாமல் தூக்கிக்கொண்டு போனது.

ஈரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஹூக்காகக் கழற்றினேன்.
பதினாறும் ஒழுங்கு.
பை தயார், முழங்கால்தான் தேறவில்லை
என்று செய்தி அனுப்பினேன்.

அங்கே முந்தின நாள் மாலை.
உடனே பதில் வந்தது:
"முன்னாடி நான்தானே நடப்பேன்.
எனக்கு ரெண்டுமே சத்தம் போடும்.
வா."